பிச்சை அரிசிக்கும் அனுமதி வேண்டுமாம்

லண்டனுக்கு வந்த புதிதில், யாழ்ப்பாணத்தில் நோயாய்க் கிடந்த மனைவி எழும்பி நடந்தால், வீடு வீடாக அரிசி பிச்சை எடுத்து இங்குள்ள அம்மன் கோயிலில் கஞ்சி வார்ப்பதாக நேர்த்தி வைத்தேன். அவள் குணமானதும், நான் இருந்த ஃபாரஸ்ட் கேட் பகுதியில், வெறுங்காலோடு, தமிழர் வீடுகளாகப் பார்த்து மணியை அடித்தேன். கூச்சத்தில் தலை நிமிராமல் பையை மட்டும் நீட்டுவேன்.

ஒரு வீட்டிலிருந்த தமிழ்க் குடும்பம் இடம் மாறியது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்த வெள்ளைக்காரப் பெண், என் பையையும் வெறுங்காலையும் பார்த்துப் பயந்து கதவைச் சாத்தினார். தெருமுனைக்குப் போவதற்குள் பொலிஸ் கார் வந்து நின்றது.

பொலிஸ்காரர் கேட்டது எதுவும் விளங்கவில்லை. என் அகதி வழக்கு முடியாத நேரம். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். சற்று முன் அரிசி போட்ட சிவம் அண்ணை கண்டுவிட்டு ஓடி வந்து, பொலிஸ்காரர் கேட்டதை எனக்குச் சொன்னார்.

"வீடு வீடாய்ச் சேர்க்கிறதுக்கு லைசென்ஸ் எங்கையெண்டு கேக்கிறார்."

"அண்ணை, நான் காசு வாங்கேல்லை. அரிசிதானே!"

"அரிசியெண்டாலும் கோயிலுக்குச் சேர்த்தால் அனுமதி வேணுமாம். அம்மன் உமக்கு உத்தரவு தந்தது இவருக்குத் தெரியுமே?"

பொலிஸ்காரர் அரிசியைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, எச்சரித்துப் போக விட்டார். பிச்சைக்குக்கூடவா அனுமதி என்ற திகைப்பு இன்னும் போகவில்லை.

கஞ்சிக்கு இன்னும் தேவைப்பட்ட அரிசியை, கோயில்காரரிடம் அனுமதி கேட்டு, கோயிலுக்குள் நின்றே சேர்த்தேன். இப்போது நேர்த்தி வைக்கும்போது, 'தாயே, இந்த நாட்டுச் சட்டம் விட்டால்' என்றும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.