மூக்குத்தியும் மாஸ்க்கும்

ஐம்பது வயதுவரை நான் குறட்டை விடுவதை ஒப்புக்கொண்டதே இல்லை. வீட்டுக்காரர் ஏதாவது சொன்னால், "ஆமா, நீங்க ரொம்ப அழகாத் தூங்குறீங்களாக்கும்" என்று அவர் வாயை அடைத்துவிடுவேன். ஆனால் திருநகரில் பஸ் ஏறினால் பக்கத்திலேயே இருக்கும் திருப்பரங்குன்றம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். அடுப்பில் பால் பொங்கி வழியும். பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்திருப்பேன்.

கடைசியில் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். தூக்கத்தில் தொண்டை அடைத்து எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆபத்தாம். காற்றை உள்ளே தள்ளும் மெஷினை மாட்டிக்கொண்டுதான் தினமும் தூங்க வேண்டுமாம். அன்றிலிருந்து கண்ணை மூடவே பயம். மூடினால் திறப்பேனா என்கிற பயம்.

மெஷின் வந்தது. அதன் குழாயில் மாட்டியிருந்த மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியது. பகலில் டிவி பார்த்துக்கொண்டே பழகச் சொன்னார்கள். சுவிட்சைப் போட்டதும் யாரோ தலையணையை முகத்தில் வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. பிய்த்து எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டார் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கம்கூட வரவில்லை.

மாஸ்க் கொண்டுவரும் கம்பெனிக்காரர் பொறுமைசாலி. ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுவது போல ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மூன்றாவது, மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க். அதில் பயம் பாதி குறைந்தது. ஆனால் ஒரு பக்கம் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினால் மூக்குத்தி சதையில் குத்தி ரத்தம் வந்தது.

"அக்கா, மாஸ்க்ல குத்தமில்ல. மூக்குத்திதான் தூக்கிக்கிட்டு நிக்கிது. தூங்குறப்ப மட்டும் கழட்டி வச்சிருங்க, அம்புட்டுத்தான்" என்றார்.

அம்புட்டுத்தானாம்! எங்கள் வீட்டுப் பெண்கள் மூக்குத்தியைக் கழற்றுவது ஒரே ஒரு நாளில்தான். அப்பாவின் கருமாதியன்று அம்மாவின் மூக்கிலிருந்து அதைக் கழற்றியதைப் பார்த்தவள் நான். என் வீட்டுக்காரரோ முந்தின வருடம்தான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். கழற்றாவிட்டால் எனக்கு ஆபத்து. கழற்றினால் அவருக்கு. இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மாஸ்க் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொல்லி மெஷினை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்காரர் கம்பெனிக்காரருக்கு போன் போட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டார். சாயங்காலம் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தொடாதீங்க. அது உங்களுக்காகப் போட்டிருக்கது."

"எனக்காகவா? நான் தூங்கி எம்புட்டு நாளாச்சுன்னு தெரியுமா ஒனக்கு? மூச்சு நிக்கிறப்பல்லாம் ஒன்னைய உலுப்பி உலுப்பி எழுப்புறது யாருன்னு நெனச்ச? நீ இதக் கழட்டலைன்னாத்தான்டி நான் போயிருவேன்."

அவர் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, வயதாகிறது என்றுதான் நினைத்திருந்தேன். முகத்தை அவர் பக்கம் நீட்டினேன். திருகாணியில் எண்ணெய் விட்டு, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே திருகினார். கையில் வந்ததும் நான் வாய்விட்டு அழுதேன். அவர் அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அன்று ராத்திரி மாஸ்க் கசியாமல் சொன்ன பேச்சைக் கேட்டது. எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் அவர் வாய் லேசாகத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார். அசைவே இல்லை. எனக்கு முன்னால் எழுந்து பேப்பர் படிக்கிற மனுஷன். என் கை தானாக மூக்கைத் தேடிப் போனது. அங்கே வெறும் ரப்பர்தான் தட்டுப்பட்டது. பாவி, கழற்றிவிட்டேனே! கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால் குரல் வராமல் காற்றுதான் புஸ்ஸென்று வெளியே வந்தது. குழாய் இழுக்க இழுக்க எட்டி, விரலை அவர் மூக்குக்குக் கீழே வைத்தேன்.

சூடாக இருந்தது.

"உசுரு இருக்குடி" என்றார் கண்ணைத் திறக்காமல். "இன்னுங் கொஞ்சம் தூங்க விடு."