கொடுக்காத படிவம்

மாத்தளைக்கு அருகே பலாபத்வலயில், நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அலுவிகாரையைத் தாண்டி வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து, "சேர் தவறிப் போயிட்டாருங்க" என்றார். எந்தச் சேர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கந்தோரில் நாலைந்து சேர்மார் இருந்தாலும், வெறும் 'சேர்' என்றால் அது ஓய்வுபெற்ற பிரதம லிகிதர் கனகசபைதான். பஸ்ஸை விட்டுவிட்டு, அலுவிகாரைக்குப் போக எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்தச் சேர் கதை ஞாபகமிருக்கும். போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாண வீதி திறந்திருந்த காலம். கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதாகப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டிருந்தது. ஷெயார் என்ற சொல் எங்கள் பியோனின் வாயில் சேர் என்றுதான் வரும். "சேர், நம்ம சேரும் சேர் வாங்கப் போறாராம் சேர்" என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னான். கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வெகுநேரம் சிரித்தார். அப்படிச் சிரிக்கும் மனிதரல்ல அவர்.

எண்பத்துமூன்று கலவரத்தில் மாத்தளையில் அவருடைய சொந்த வீட்டை எரித்துவிட்டார்கள். பிறகு அவர் வீடு கட்டவேயில்லை. அலுவிகாரையில் வாடகைக்கு இருந்தார். சேமித்த காசில் பெரும்பகுதியை அந்தக் கம்பனியில் போடப் போகிறார் என்றதும் நான் திகைத்துப் போனேன். "வீட்டுக்கு நெருப்பு வைக்கலாம், ஐசே. கொழும்பில பங்குப் பதிவேட்டில கிடக்கிற என்ர பேருக்கு வைக்கேலாது" என்றார்.

எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கண்டியில் சத்திரசிகிச்சைக்கென்று கொஞ்சம் காசு வைத்திருந்தேன். டொக்டர் ஆறு மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் காசு இரட்டிக்கும் என்று கணக்குப் போட்டேன். கனகசபை, பங்கு விற்பதற்காக அந்தக் கம்பனி வெளியிட்ட விவரப் புத்தகத்தைச் சிவப்புப் பேனையோடு வாசித்தவர். ஒரு வருஷமாவது அது லாபம் காட்டவில்லை, அடுத்த வருஷம் வரும் என்ற பேச்சுத்தான் இருக்கிறது என்று எனக்கு விளக்கினார். பிறகு, "சின்ன ஆக்கள் இதில போடுறதெண்டா, இழந்தாலும் அழாத காசைத்தான் போடவேணும். உம்மட காசு அப்பிடியே?" என்று கேட்டார். நான் காது கொடுக்கவில்லை. கொழும்புக்குப் போகிறவர் எனக்கும் ஒரு படிவம் கொண்டுவரட்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

திரும்பி வந்தவர், படிவம் முடிந்துவிட்டது என்று என் முகத்தைப் பாராமல் சொன்னார். மறுநாளோடு விண்ணப்பத் திகதியும் முடிந்தது.

அடுத்த சில மாதங்கள் அந்தப் பங்கின் விலை ஏறிக்கொண்டே போனது. தனக்கு மட்டும் பார்த்துக்கொண்ட மனிதர் என்று நான் உங்களில் பலரிடம் சொன்னேன். தேநீர் நேரத்தில் அவரோடு உட்காருவதை நிறுத்தினேன். கையிலிருந்த காசை எரிச்சலோடு ஆஸ்பத்திரியில் கட்டி மனைவியின் சத்திரசிகிச்சையை முடித்தேன். அதன் பிறகு விலை இறங்கத் தொடங்கி, கடைசியில் அந்தப் பங்கு கேட்பாரற்றுப் போனது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனம் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவர் போட்ட காசெல்லாம் போயிற்று. வாடகை வீட்டிலேயே ஓய்வுபெற்றார், அங்கேயே கண்ணை மூடினார்.

சாம்பல் அள்ளிக் காடாற்று முடிந்த பின்னேரம் நானும் மனைவியும் போயிருந்தோம். அவருடைய மனைவி அலுமாரியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"இது உங்கட. அண்டைக்கு ரெண்டு ஃபோம் கொண்டுவந்தவர். 'அந்தக் காசு அந்தப் பிள்ளையின்ர கண், நான் குடுக்கமாட்டன், என்னோட கோவிச்சாலும் பரவாயில்லை' எண்டு சொன்னவர்," என்று என் மனைவியைப் பார்த்தார்.

விரித்தேன். ஒன்றும் நிரப்பப்படாத விண்ணப்பப் படிவம். மேல் மூலையில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. என் கண் கலங்கியிருந்ததால் எழுத்துத் தெரியவில்லை. மனைவி அதை வாங்கிச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

வீடில்லாத அந்த மனிதர் எங்களுக்கு விட்டுப்போனது இந்தத் தாள்தான். இதை என்னோடு வைத்திருக்கிறேன். அழிந்துபோகிற அந்தப் பென்சில் எழுத்தில் என் பெயர் இருக்கிறதென்று எனக்கு வாசித்துச் சொன்னவள் என் மனைவி.