தாயம்மாவின் கட்டி

காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு அதை வெட்டிச் சுத்தம் செய்து தரும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஐஸ் வண்டி நிற்குமிடத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷமாக உட்காருகிறவள் தாயம்மா. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் ஒரு இடம் காலியாகக் கிடந்தால், வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடலாம். பிறகு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

இந்த லட்சணத்தில்தான் அவளுடைய வலது கட்டைவிரலின் அடியில் கட்டி வந்தது.

கட்டிக்கு வைத்தியம் சொல்லாத வாய் அவள் குடியிருக்கும் தண்டையார்பேட்டையில் ஏது? வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டினாள். அரிசிமாவைக் களியாகக் கிண்டி, மஞ்சள் போட்டு, பொறுக்கிற சூட்டில் அப்பினாள். இன்னொன்று வராமலிருக்க வேப்பங்கொழுந்தை அரைத்து வெறும் வயிற்றில் விழுங்கினாள். எல்லாம் சரிதான். ஆனால் வீட்டில் சூடு வைத்த கையை விடிந்ததும் ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டால் எந்தக் கட்டிதான் பழுக்கும்? பாவி மனுஷி, இடம் போய்விடுமே என்று ஒரு நாள்கூட வீட்டில் நிற்கவில்லை. கையில் மஞ்சளைப் பார்த்துக் கேட்டவர்களிடம் மீனுக்குத் தடவியது என்று சாதித்தாள்.

கல்லூரியில் படிக்கும் மகள் மகிழினி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போனாள். அவள் படிப்புக்காகத்தான் அந்த இடமே. அவளை மட்டும் அரிவாள்மனை பக்கம் தாயம்மா அண்டவிட்டதில்லை.

ஆறாம் நாள் வலி உயிர் போயிற்று. வீட்டுக்குப் போய் ஊசியைச் சுட்டுக் குத்தவாவது பொறுத்திருக்கலாம். எதிரே கிடந்த கெளுத்தி முள்ளை எடுத்துக் கட்டியில் ஏற்றினாள். அந்த முள்ளின் விஷம் அவளுக்குத் தெரியாததா? வலியில் புத்தி வேலை செய்யவில்லை. மத்தியானத்துக்குள் முழங்கை வரை வீங்கி, காய்ச்சலில் சுருண்டாள்.

பக்கத்தில் மீன் வெட்டும் ரஹீமுன்னிசாதான் ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் கையைக் கிழித்துக் கட்டுப் போட்டார். விரல் பழையபடி மடங்குவது சந்தேகம்தான் என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் ரஹீமுன்னிசா பார்க்க வந்தாள்.

“எடம் இன்னா ஆச்சி?” என்றாள் தாயம்மா.

“அப்டியேதான் கீது. நீ பேஜார் ஆவாத.”

“யாரு குந்திகினு கீறா?”

ரஹீமுன்னிசா ஜன்னலைப் பார்த்தாள். “நான் வோணான்னுதான் சொன்னேன். மகிழினி மூணாம் நாளே வந்து குந்திகிச்சி. காலேஜுக்குப் போவல. கை நல்லாத்தான் ஓடுது அதுக்கு.”

அந்த இடம் போய்த் தொலைந்திருக்கலாமே என்று தாயம்மா வாய்விட்டு அழுதாள்.