பெற்றவள் வரக்கூடாது என்று சொன்னது யார்?

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானில் என் தங்கை வீட்டில் நடந்தது இது. அவளுடைய ஆறு வயது மகளை டெங்கிக் காய்ச்சல் ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூடாரம் போட்டு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. பச்சைப்பிள்ளை என்பதால் எரிக்காமல் புதைக்க முடிவு செய்திருந்தார்கள்.

தங்கை அழவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "அக்கா, நானும் கூட போறேன்" என்றாள்.

"பெத்தவங்க போகக்கூடாதும்மா, நம்ம வழக்கம் லா அது" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"ஏன்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் பங்சாரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எனக்குப் 'போலீஸ்காரி' என்று பட்டப்பெயர். எந்தத் தாளை நீட்டினாலும் ஏன், எதற்கு, யார் கையெழுத்து என்று குடைந்து எடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவள், சொந்தத் தங்கை கேட்ட ஒரு சின்னக் கேள்விக்குத் திருதிருவென்று முழித்தேன். அந்தச் சூழ்நிலையிலும் எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லி எழுந்தேன்.

முதலில் அவளுடைய நாத்தனாரைப் பிடித்தேன். சமையலறையில் வந்தவர்களுக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். "போனா அடுத்த பிள்ளை தங்காதுன்னு சொல்வாங்கக்கா" என்றாள். யார் சொல்வார்கள் என்றேன். காலையில் என் சித்தப்பாதான் கண்டிப்பாகச் சொன்னார் என்றாள்.

சித்தப்பா எங்கள் அப்பாவின் தம்பி. காஜாங்கில் இருக்கிறார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார், குரலும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். கேட்டதும், "பண்டாரம் ஒத்துக்கமாட்டாரு, போய் வேலையப் பாரு" என்று விரட்டினார்.

பண்டாரம்தான் எங்கள் பக்கம் சாவு வீட்டுச் சடங்குகளைச் செய்பவர். வெளியே வாழை இலையில் பூவைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். இவர் கட்டாயம் ஒரு காரணம் வைத்திருப்பார் என்று நம்பிப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நான் எங்கேம்மா சொன்னேன்? வீட்டுப் பெரியவருதான் தாய் தகப்பன் வரமாட்டாங்கன்னாரு. வந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு மாதிரி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்களே தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மணி இரண்டரை. நேராகச் சித்தப்பாவிடம் திரும்பிப் போய், "பண்டாரம் வேணாங்கல. அப்போ யார்தான் சித்தப்பா வேணாம்னு சொன்னது?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்தே போய்விட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கூடாரத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த தன் காரின் பக்கம் என்னை அழைத்துப் போனார்.

"எங்களுக்கு மொதல்ல ஒரு பொண்ணு பொறந்துச்சு. நீயெல்லாம் பொறக்கறதுக்கு முந்தி. ஒரு வயசுல போயிருச்சு. உங்கப்பாவும் மத்தவங்களும்தான் தூக்கிட்டுப் போனாங்க. நாங்க அப்ப குடியிருந்த எஸ்டேட் தோட்டத்து மயானம், கல்லுகூட நடல. ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா எல்லாம் லாலான் புல்லு. உன் சித்தி சாகிற வரைக்கும் எங்க வச்சீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்கு என்ன தெரியும்? நானும் போகலையே."

நாற்பது வருடமாக அவரைத் தெரியும். இப்படி ஒரு பிள்ளை இருந்ததை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பிறகு ஏன் நீங்களே இவளைத் தடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"போகலாம்னு அன்னைக்கு என்கிட்ட யாரும் சொல்லலையே மா" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரே உள்ளே போனார். "எழுந்திரு, ரெண்டு பேரும் என் கார்ல வாங்க" என்று தங்கையையும் அவள் கணவரையும் கூப்பிட்டார். வந்திருந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மயானத்தில் தங்கை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். தன் கையால் மண் போட்டாள். கிளம்பும்போது தண்ணீர்க் குழாயிலிருந்து எத்தனையாவது இடம் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

இப்போதும் மாதம் ஒருமுறை அங்கே போகிறாள். சில நேரம் சித்தப்பாவும் காஜாங்கிலிருந்து வந்து கூடப் போகிறார். பூ இரண்டு பொட்டலம் வாங்கி வந்து, இரண்டையும் அந்த ஒரே இடத்தில் வைக்கிறாராம். தங்கைதான் சொன்னாள்.

எல்லோரையும் அன்று விசாரித்தேனே தவிர, அவளிடம் முதலில் "போகக்கூடாது" என்று சொன்னவள் நான்தான். அவள் மட்டும் ஏன் என்று கேட்காமல் தலையாட்டியிருந்தால், தன் பிள்ளையைக் கடைசி வரை கொண்டுபோய் விட்டோம் என்ற அந்த ஒரே ஆறுதலையும் அவளிடமிருந்து பறித்தவள் நானாகத்தான் இருந்திருப்பேன்.