சிவரூபினி வீட்டுச் சோறு

ஞாயிற்றுக்கிழமைச் செபக்கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, "ஆண்டவரே, நீர் எதைச் சொன்னாலும் செய்வன்" என்று சொன்னவள் சிவரூபினி. நரம்பில்லாத நாக்கு எதையும் சொல்லும். செவ்வாய்க்கிழமையே ஆண்டவர் பிடித்துக்கொண்டார்.

சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பராமரிப்பு வேலை. அன்று இரண்டாம் மாடிக்கு ஒரு தமிழ்க் கிழவரைக் கொண்டுவந்தார்கள். மறதி நோய். மனைவி இல்லை, மகன் கனடாவில். முப்பத்தைந்து வருடம் ஹோட்டல் குசினியில் பேசிய ஜேர்மன் மொழி முழுவதும் போய், தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு வாயை இறுக்கிக்கொண்டார். "தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதான், அவரைச் சாப்பிட வைப்பது உன் பொறுப்பு" என்றாள் மேற்பார்வைக்காரி. சிவரூபினி கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். இராஜசிங்கம். செத்துப்போன அவள் புருசனின் தமையன்.

அவள் சைவத்தை விட்டு ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பதினாறு வருடமாக அவள் வீட்டில் கை நனைக்காத மனிதர். ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. சொந்தத் தம்பியின் செத்தவீட்டில், "வேதக்காரி கிட்ட வரப்படாது" என்று அவளைப் பின்வரிசைக்குத் தள்ளியவர். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆறியதாக நடிக்கவும் அவளுக்குத் தெரியாது.

பகைவன் பசித்திருந்தால் சோறு கொடு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொடுக்கப் போனால்தான் தெரியும். மறுநாள் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் குழைத்துக் கொண்டுபோனாள். கிழவர் அவளுடைய பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, தாலியறுத்தவளோ நீ?"

பொட்டை அவள் விட்டது ஞானஸ்நானத்தோடு. ஆனால் தாலியறுத்ததும் பொய்யில்லையே. "ஓம்" என்றாள்.

"பாவம்" என்று வாயைத் திறந்தார். தட்டு வெறுமையாகும் வரை சாப்பிட்டார்.

இப்படி மூன்று கிழமை. கிழவருக்கு உடம்பு தேறியது, மேற்பார்வைக்காரி மெச்சினாள். சிவரூபினிக்குத்தான் நித்திரை போனது. நினைவிருந்தால் தொடமாட்டார் என்று தெரிந்துகொண்டே ஊட்டுவது ஏமாற்று அல்லவா? சொன்னால் பட்டினி கிடப்பார். சோறு கொடு என்றவரும் ஆண்டவர்தான், பொய் பேசாதே என்றவரும் அவரேதான். இருதலைக் கொள்ளி எறும்பாக அந்த அறைக்குள் போய்வந்தாள். வேறு மாடிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள்; ஆளில்லை என்றார்கள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தான், நான் சிவரூபினி. உங்கடை தம்பி கேதீஸ்வரன்ரை மனுசி. இது என்ரை வீட்டுச் சோறு."

கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அன்று ஒரு பருக்கை இறங்கவில்லை. சனிக்கிழமை அத்தனையும் மறந்து, "நீ ஆர், ஆற்றை பிள்ளை?" என்றார். சொன்னாள். மறுபடியும் சுவர். மற்றவர்கள் கெஞ்சிக் கொடுத்த தயிரில் இரண்டு கரண்டிதான் உள்ளே போனது. கீழ்ப்படிவது ஒரு தடவையில் செய்து முடிக்கிற காரியம் என்று நினைத்திருந்தாள், விசரி.

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை. மத்தியானம் தட்டோடு போய் மூன்றாம் தடவையும் சொன்னாள். அவர் திரும்பிக்கொண்டார். அவள் போகாமல் கட்டிலருகே கதிரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கனநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி சாப்பிட்டிட்டானோ?"

ஓம் என்றால் பொய். செத்துப்போனார் என்றால், கிழவருக்குத் தம்பி இன்றைக்குத்தான் சாவான்.

"அவருக்கு இனிப் பசிக்காது, அத்தான்."

இராஜசிங்கம் மெல்லத் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார்.

"அப்ப எனக்குத் தா, ரூபி."

பதினாறு வருடமாக அவர் வாயில் வராத பெயர். சிவரூபினி ஊட்டினாள். அழுகை வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. நாளை மத்தியானம் அவர் மறந்திருப்பார். அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.