பூண்டு வாசம் போகாத விரல்கள்

காட்டுத் தழை பறித்து விற்கும் இலைக்காரர் விடுதிக்காரிக்கு எண்ணூறு கடன்பட்டிருந்தார். குளிர்காலத்தில் வீட்டுக் கூரை இடிந்தபோது, "பனி உருகட்டும், இலையாவே தீத்துடறேன்" என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பணம்.

அவருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர்கள் கையில் ஒரு தழையைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றதுண்டு. தண்டு உருண்டையா, சதுரமா? உள்ளே துளை உண்டா? மேலே ரோமம் இருக்கிறதா? கிள்ளினால் பால் வருகிறதா? இவ்வளவையும் பார்த்துவிட்டுக் கடைசியில் மூக்கிடம் கொடுப்பார். பூ வரும்வரை காத்திருப்பது மற்றவர்கள் வேலை. அவருக்கு விரல் நீளத் துளிர் போதும். யாரிடமும் போய்க் கற்கவில்லை. தின்று பார்த்துக் கற்றார், இரண்டு தடவை செத்துப் பிழைத்தும் எழுந்தார்.

"நாப்பது வருஷத்துல என் மூக்கு ஒரு பொய் சொன்னதில்ல" என்பார். அதை மறுத்துப் பேச ஊரில் ஆள் இல்லை, அவர் மனைவியைத் தவிர.

அந்த வருடம் அவர் வழக்கமாகக் சூப்புக்கான காட்டுப்பூண்டு இலை பறிக்கும் ஆற்றங்கரையை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் பாலத்தைத் தாண்டி, எப்போதோ மூடிப்போன பெரிய கட்டடத்தின் பின்சரிவுக்குப் போனார். மரங்கள் இன்னும் மொட்டையாக நின்றன. கீழே மட்டும் சரிவு முழுக்கப் பச்சை.

மண்டியிட்டுப் பறிக்கத் தொடங்கினார். முழங்கால் மண்ணில் வேண்டியதைவிட அதிகமாகப் புதைந்தது. ஒரு பறவைச் சத்தமும் இல்லை. அவர் காம்பைக் கிள்ளும் 'பட்' என்ற ஓசைக்குப் பின்னால், சற்றே பிந்தி, இன்னொரு 'பட்' கேட்டது. கையை நிறுத்தினார். அது இன்னும் இரண்டு முறை கிள்ளிவிட்டு நின்றது.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, கடன் இருக்கிறதே. கையை வேகப்படுத்தினார். காம்பைக் குனிந்து பார்க்கவில்லை. கசக்குவது, முகர்வது, பையில் போடுவது, அவ்வளவுதான். மதியத்துக்குள் மூன்று பை நிறைந்தது. விடுதிக்காரி எடை போட்டு, கணக்கு நோட்டில் எண்ணூறையும் அடித்துவிட்டாள்.

வீட்டில் மேல்சட்டையை வாங்கி ஆணியில் மாட்டிய மனைவி, கைமடிப்பில் சிக்கியிருந்த தழையை எடுத்து முகர்ந்தாள்.

"என்னங்க, இதுல பூண்டு வாசமே இல்லையே."

அவர் வாங்கி முகர்ந்தார். "உனக்குச் சளி. கம்முனு வாசம் வருது."

"சளி எனக்கா? இந்தக் கரண்டிய மோந்து பாருங்க."

அவர் கைக்கு வந்ததும் கரண்டியும் கம்மென்று பூண்டு வாசம் வீசியது.

"கதவக்கூட மோந்து பாருங்க. இன்னைக்கு நீங்க தொட்டா நானும் பூண்டுதான்."

அவர் சிரிக்கவில்லை. விளக்கடியில் தழையைத் திருப்பினார். காட்டுப்பூண்டில் ஒவ்வொரு இலையும் தனித்தனிக் காம்போடு மண்ணிலிருந்து வரும், அடிப்பக்கம் மங்கலாக இருக்கும். இதில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலை, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு, அடிப்பக்கம் பளபளவென்று. வெள்ளை மணிப்பூச் செடி. உள்ளே போனால் இதயத்தை நிறுத்திவிடும்.

"ஒண்ணே ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்றார்.

மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ராத்திரிக்கு அந்தம்மா எத்தன பேருக்கு சூப் வைக்கும்?"

"அறுபது."

அவள் மேல்சட்டையை எடுத்து நீட்டினாள்.

விடுதியின் சமையலறையில் இலையெல்லாம் தொட்டித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. வெட்டுப்பலகை தயாராக இருந்தது.

"கத்திய வச்சிடும்மா. எல்லாத்தையும் கொட்டணும். என் மூக்கு தப்பு பண்ணிடுச்சு."

"உங்க மூக்கா? விளையாடறீங்களா பெரியவரே?"

அவர் தொட்டியில் கையை விட்டு, ஒவ்வொரு காம்பாகப் பார்த்து, இரட்டை இலைகளை மட்டும் பலகையில் வரிசையாக வைத்தார். நாற்பத்தொன்று வந்தது. விடுதிக்காரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப கடன்?" என்றாள்.

"அடிச்சத அழிச்சுட்டுத் திரும்ப எழுதிக்க."

மறுநாள் காலை அந்தச் சரிவின் உச்சியில் போய் நின்று பார்த்தார். பளபளக்கும் இலைகள் சிதறி முளைத்திருக்கவில்லை. நீள்சதுரம் நீள்சதுரமாக, ஆள் நீளத்துக்கு, வரிசை பிசகாமல் நின்றன. யாரோ, யாரோ ஒருவருடைய குழிமேட்டில் ஒவ்வொன்றாக நட்டவை. அவற்றின் மேல்தான் பூண்டு படர்ந்திருந்தது. பதினான்கு எண்ணினார். பதினைந்தாவது அவர் கை நீளம்கூட இல்லை.

அதன் ஓரத்தில் அவருடைய முழங்கால் தடம் இருந்தது. பக்கத்தில் இன்னொரு சோடித் தடம், சின்னதாக. அதன் பள்ளத்தில் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. கீழாற்றில் அங்கங்கே கிடைத்ததைப் பறித்தார். ஒவ்வொரு பிடிக்கும் ஒருமுறை கையை மண்ணில் தேய்த்துக் கழுவினார். காம்பின் அடியைக் கண்ணால் பார்க்காமல் ஒன்றையும் பையில் போடவில்லை. முன்பு மூன்று பை வந்த நேரத்தில் அரைப் பைதான் தேறியது. அதையும் சந்தையில் விற்றார்.

பூண்டு பூத்து இலை முற்றிய வாரம் விடுதிக்குப் போனார்.

"இலையாவே கழிச்சிருக்கலாமே பெரியவரே. நான் வேணாம்னா சொன்னேன்?"

"எழுதி அடிக்கிற கதை வேணாம். கைய நீட்டும்மா."

அவள் நீட்டினாள். மாவு அப்பிய உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி, எட்டு நூறையும் வைத்தார்.