தண்ணீர் தராத டீச்சர் என்று சொன்னவர்களுக்கு

சுசீலா டீச்சர் இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னவர், அவர் பெயரைக் கெடுத்த அதே மனிதர்தான். உத்திரமேரூர் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தனியார் பள்ளித் தாளாளர் டீச்சரின் படத்தைப் போட்டு, "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று எழுதியிருந்தார். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி கையில் கொட்டியதுகூட உறைக்கவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

எங்கள் அரசுப் பள்ளியில் அவர் கணக்கு, நான் அறிவியல். தேர்வு மேற்பார்வைக்குப் போனால், அறை வாசலில் ஒரு சிமெண்ட் சாக்கை விரித்து வைப்பார். "பிட்டு வெச்சிருக்கறவங்க இதுல போட்டுடுங்க. நான் செவுத்தப் பாத்துக்கினு நிக்கிறேன்" என்று திரும்பிக்கொள்வார். காகிதச் சரசரப்பு நிற்கும்வரை திரும்ப மாட்டார். எந்தப் பிள்ளையின் சட்டைப் பையையும் அவர் தடவிப் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிட்டோடு பிடிபட்டால் சாமியே வந்து சொன்னாலும் விட மாட்டார். ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பிடிபட்ட மகனுக்காக வந்து, "இன்னா டீச்சர், புள்ள பேஜாராயிட்டான், வுட்ரக் கூடாதா?" என்றார். "இவனுக்கு நான் வுட்டுக் குடுக்கற மார்க்கு, கண்ணு முழிச்சிப் படிச்ச புள்ள கையிலேர்ந்து புடுங்கறதுங்க" என்று அனுப்பிவிட்டார்.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு எங்கள் இருவரையும் அந்தத் தாளாளரின் தனியார் பள்ளியில் மேற்பார்வைக்குப் போட்டார்கள். நல்ல வெயில். பாதித் தேர்வில் ஒருவர் காகிதத் தம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு பையன் தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். சுசீலா டீச்சர் வாங்கிக் கவிழ்த்தார். அடியில் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கான விடைகள்! தட்டோடு அந்த ஆளை வாசலிலேயே திருப்பினார். தன் பாட்டிலோடு, பக்கத்து அறையில் மேற்பார்வையில் இருந்த என்னிடமும் பாட்டிலைக் கேட்டு வாங்கி, தாகம் என்ற பிள்ளைகளுக்குத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தார். தம்ளரைத் தேர்வு அதிகாரியிடம் ஒப்படைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தம்ளரை யாரும் பார்க்கவில்லை.

வந்தது தாளாளரின் புகார்தான். டீச்சர் தண்ணீர் தர மறுத்ததால் கலையரசி என்ற மாணவி மயங்கி விழுந்தாளாம். அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இருந்தது. என் சாட்சியத்தைத் தோழிக்குத் தோழி சொல்கிறாள் என்று ஒதுக்கினார்கள். சுசீலா டீச்சரை இரண்டு பஸ் மாறிப் போகும் ஊருக்குத் தூக்கி அடித்தார்கள். பழையசீவரம் பஸ்ஸில் ஒரு அம்மா என் காதுபடவே, "புள்ளைக்குத் தண்ணி குடுக்காத டீச்சரு இதான்" என்றார். நான் எழுந்தேன். சுசீலா டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அந்தப் பொண்ண இன்னா சொல்லி மெரட்டனானுங்களோ, வுடு டீச்சர்." அவர் விட்டார். நான் விடவில்லை. கலையரசியைத் தேடிப் பிடித்தேன். அவள் வாயைத் திறக்க வருஷங்கள் ஆயின. அதற்குள் டீச்சர் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் தாளாளர்தான் தலைமை. "கண்டிப்பும் கருணையும்" என்று அவர் ஆரம்பித்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலையரசி எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

"நான் மயங்கி வுழவே இல்ல சார். டீச்சர்தான் எனக்குத் தண்ணி ஊத்தினாங்க. கையெழுத்துப் போடலன்னா டி.சி. தர மாட்டேன்னு சொன்னது நீங்க."

தாளாளர் முகம் செத்ததை நான் கண்குளிரப் பார்த்தேன். பாவம் என்று தோன்றவில்லை.

வெளியே வந்ததும் தாளாளர் என்னிடம், "செத்தவங்கள வெச்சி எதுக்கு டீச்சர் வம்பு?" என்றார்.

சுசீலா டீச்சரை அறிந்தவர்களே, அவருடைய பொறுமையை அவரே கொண்டு போகட்டும், எனக்கு அது வேண்டாம். அந்த அறை வாசலில் அவர் நின்ற இடத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் தாளாளரிடமும் அதைத்தான் சொன்னேன்.

"வர்ற பொதுத்தேர்வுக்கு உங்க ஸ்கூல்லதான் டூட்டி கேட்டு வாங்கிக்கீறேன் சார்."